தவறணைப் பின்னறையில் ஒரு பஸ் பாட்டு

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு உடம்பெல்லாம் நோவு. திங்கள் முதல் வெள்ளி வரை பக்ரறியில் நின்ற நிலையில் பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. சனிக்கிழமை சமையல், உடுப்புத் தோய்ப்பு, கோவில், யாராவது வீட்டுப் பிறந்தநாள். ஞாயிறு மத்தியானம் சோறு தின்றுவிட்டுக் கொஞ்சம் சரிந்தால், திங்கள் விடியத்தான் எழும்ப வேண்டும் போல இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் அப்படிப்பட்ட ஞாயிறுகளில்தான் நான் பாடப் போனேன். அதுவும் கோவிலில் இல்லை, கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தவறணையின் பின்னறையில்.

தவறணை என்பது எங்கள் சனம் வைத்த பெயர். ஊரில் கள்ளுக் குடிக்கிற இடத்தைத் தவறணை என்போம். இங்கே வெள்ளைக்காரர் பியர் குடிக்கிற பப்புக்கும் அதையே தூக்கி வைத்துவிட்டார்கள். ஒரு பிளாசாவில், உடுப்புத் தோய்க்கிற கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் இருந்தது அது. முன்பக்கம் நீளமான பார், ரீவியில் ஹொக்கி, சுவரில் டார்ட்ஸ் பலகை. பின்பக்கம் தாழ்ந்த கூரையோடு ஓர் அறை. கார்ப்பெற்றில் காலை வைத்தால் ஒட்டும். பழைய பியரும் சிகரெட்டும் கலந்த மணம் வீடு வரைக்கும் கூடவே வரும். என் குளிர்க்கோட்டை பல்கனியில் தொங்கவிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.

அந்த அறை எங்களுக்குக் கிடைத்தது கிற்றார் அண்ணையால். அவர் அந்தப் பப்பின் குசினியில் கோப்பை கழுவினார். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் ஓர் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தவர். இங்கே அப்பார்ட்மெண்டில் ஒரு கம்பியைத் தட்டினாலே கீழ்வீட்டுக்காரன் தும்புத்தடியால் கூரையில் இடிப்பான். அதனால் கிற்றாரைப் பப்பின் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்து, வேலைக்கு நடுவில் ஓய்வு கிடைக்கும்போது வாசிப்பார். ஒருநாள் பப்பை வைத்திருக்கிற சொந்தக்காரர் அதைக் கேட்டுவிட்டார்.

சொந்தக்காரர் ஓர் ஆங்கிலேயர். ஐம்பது வயது தாண்டியவர், மூக்கு நுனியில் கோபம். லண்டனின் புறநகர் ஒன்றில் வளர்ந்து கனடாவுக்கு வந்தவர். அவரும் எங்களைப் போல வந்தேறிதான். ஆனால் அவரை ஒருவரும் நிறுத்தி வைத்து, எந்த நாடு, எப்போது வந்தாய் என்று கேட்பதில்லை. கிற்றாரைக் கேட்டவர் அண்ணையிடம் சொன்னாராம், ஞாயிறு பின்னேரம் பின்னறை சும்மாதான் கிடக்கிறது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து வாசி, ஒரேயொரு நிபந்தனை, முணுமுணுக்கக் கூடாது, சத்தமாக வாசிக்க வேண்டும் என்று.

அண்ணை முதலில் பிடித்தது ட்ரம்ஸ் தம்பியை. பீற்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெடியன், தேவாலயத்தில் ட்ரம்ஸ் அடித்துப் பழகியவன், பைலா ஆட்டப்பாட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம். அடுத்ததாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கலியாண வீட்டில் நான் பாடியதைக் கேட்டிருக்கிறார்.

“தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமையில வந்து ரெண்டு பாட்டுப் பாடும்.”

“தவறணையிலயோ அண்ணை? விசரே உங்களுக்கு?”

“பின்கதவால வாரும். பின்கதவால வந்தா அது தவறணை இல்லை, குசினி.”

சிரித்தேன். ஆனால் எங்கள் சனம் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் வந்த குடும்பங்கள் அத்தனையும் பியர் விளம்பரம் எரிகிற முன்கதவைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், பிளாசாவைச் சுற்றிப் பனியில் நடந்து, குப்பைத் தொட்டிகளைக் கடந்து, குசினிக் கதவால்தான் உள்ளே வந்தன. குசினியென்றால் சமைக்கிற இடம், செருப்போடு போகலாமா? வாசலில் சப்பாத்துகளைக் கழற்றிக் குவித்துவிட்டு, உருளைக்கிழங்கு பொரிக்கிறவனுக்குப் பின்னால் சொக்ஸ் காலோடு வரிசையாக நடந்தார்கள். அந்தச் சப்பாத்துக் குவியலில் சமையற்காரன் தடக்கி விழாத கிழமை இல்லை. ஆண்கள் இன்னும் கெட்டிக்காரர். முன்பக்கம் போய்ப் பியரைக் கோப்பி மக்கில் ஊற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, மனைவிக்குப் பக்கத்தில் இருந்து ஊதி ஊதிக் குடிப்பார்கள். என் மனுசனும்தான். சொந்தக்காரர் எங்களைப் பார்த்துத் தலையைச் சொறிவார்.

முதல் நாள் நான் அவமானப்பட்டேன். பழைய சினிமாப் பாட்டொன்றைத் தொடங்கினேன். முதல் சரணத்தோடு சொற்கள் எல்லாம் போய்விட்டன. முழு வெறுமை. தம்பி அடியை நிறுத்தவில்லை. அந்தக் கோதாரி அடி ஓடிக்கொண்டே இருக்கிறது, முன்னால் கைக்கெட்டிய தூரத்தில் முப்பது நாற்பது முகங்கள். அன்று மனுசன் வேலை முடிந்து காரில் நேரே வந்தார், நான் பஸ்ஸில் வந்தேன், பஸ் பிந்தி என் சொக்ஸ் நனைந்து கால் விறைத்திருந்தது. வாயில் வந்ததைப் பாடினேன்.

போன பஸ்ஸும் வராது, வாற பஸ்ஸும் நிக்காது,
நனைஞ்ச சொக்ஸு காயாது, நான் நிண்ட நிலை மாறாது.

அறை வெடித்துச் சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, “அடுத்தது வரும்! அடுத்தது வரும்!” என்று கத்த, எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணை கிற்றாரில் அதற்கு ஒரு பதில் வாசித்தார். அதைப் பாட்டென்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகையில் மனுசன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார். என்ன தட்டுகிறீர்கள் என்று கேட்டால், “சும்மா” என்றார். அந்த அடிதான்.

மறு கிழமை வந்த சனம் கேட்டது அந்தப் பஸ் பாட்டைத்தான்.

அன்று நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொந்தக்காரர் வந்து ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டு அதில் இருந்தார். அவருடைய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் பிடிபடாது. அண்ணை நடுவில் நின்று தமிழில் சொல்லுவார். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெடியனாம். அவர்களுடைய ஊரில் ஒரு ஹோட்டலின் பின்னால் இதே மாதிரி ஓர் அறை இருந்ததாம். மற்ற நாட்களில் ஜாஸ் வாசிக்கிற பெரியவர்கள் அதை வைத்திருப்பார்கள். ஆட்கள் வராத ஒரு நாளை மட்டும் இந்தப் பெடியளுக்கு விட்டுக்கொடுத்தார்களாம், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுடைய றிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகள் அப்போது இங்கிலாந்துக் கடைகளில் இலேசில் கிடையாது. கப்பலில் வேலை செய்கிற யாருடையதோ மச்சான் ஒன்று கொண்டுவந்தால் அதைத் தேயத் தேயக் கேட்டு, அதில் இருப்பதை அப்படியே வாசிக்கப் பார்ப்பார்களாம்.

“வந்ததா?” என்று கேட்டேன்.

“எங்கேயிருந்து வரும்?” என்றாராம். கிற்றார் மலிவு, குரல் தகரம், அந்தப் பாட்டுகள் பிறந்த பருத்தி வயலையே காணாத பெடியள். கேவலமாக வாசித்தார்களாம். ஆனால் அறை சின்னது. வந்தவர்கள் கிழமைக்குக் கிழமை அதே முகங்கள். பிழைத்தால் சிரிப்பார்கள், அடுத்த கிழமையும் வருவார்கள். சுவரில் வேர்வை வழியுமாம். கூரை இடிக்கும் என்று குனிந்து நின்று வாசிப்பார்களாம். இப்படிப் பிழைத்துப் பிழைத்து வாசித்ததில், ஒரு கட்டத்தில் அது இசைத்தட்டில் இருந்த மாதிரியும் இல்லாமல், பழைய மாதிரியும் இல்லாமல், அவர்களுடையதாகவே ஆகிவிட்டதாம். அந்த ஊரைச் சுற்றி இப்படி எத்தனையோ அறைகள் இருந்தனவாம், பப்புக்குப் பின்னால், கடைக்குக் கீழே, படகோட்டிகளின் கிளப்பில். அதில் வாசித்த சிலர் உலகம் அறிந்த ஆட்கள் ஆனார்கள், மிச்சப் பேர் என்னைப் போலப் பியர் ஊற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டு எழும்பினார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். பெரிய மண்டபத்தில் பிழை விட்டால் அது பிழை, சின்ன அறையில் விட்டால் அது ஒத்திகை என்று.

அண்ணை இதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தன் கதையையும் சேர்த்துச் சொன்னார். அந்த அறைகளில் இருந்து கிளம்பிய பாட்டுகளை யாழ்ப்பாணத்தில் றேடியோவில் கேட்டுத்தான் அவர் கிற்றாரே பழகினாராம். அமெரிக்காவில் இருந்து லண்டன், லண்டனில் இருந்து யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்தில் இருந்து ஸ்காபரோக் குசினி. பாட்டுக்கு எவ்வளவு அலைச்சல் பாருங்கள்.

பிறகு ஒரு குளிர்காலம், ஒரு கோடை, இன்னொரு குளிர்காலம். பஸ் பாட்டு அந்த அறையில் கிடந்து வளர்ந்தது. நான் தனியே எழுதினேன் என்று சொன்னால் நாக்கு அழுகும். ஒப்பிஸ் கூட்டுகிற ஒரு அக்கா முன்வரிசையில் இருப்பா, ஒருநாளும் சிரிக்க மாட்டா. ஒரு ஞாயிறு கையை உயர்த்தி, “பிள்ளை, அந்த வரி பொய். வாற பஸ் நிக்கும். நாங்கள் ஓடிப்போறதுக்குள்ள கதவைச் சாத்திப்போடுவான்” என்றா. அறையே “ஓம், ஓம்” என்றது. உடனே மாற்றினோம். வாற பஸ்ஸு நிக்கும், கதவு மட்டும் திறக்காது. அதிலிருந்து அந்த இடம் வந்தால் அக்காவின் உதடு கொஞ்சம் அசையும். பஸ் மாறி ஏறுகிற ட்ரான்ஸ்பர் துண்டைத் தொலைத்துவிட்டு ட்ரைவரோடு சண்டை பிடிக்கிற சரணம் வோபர்ன் பக்கத்து அண்ணை ஒருவரின் சொந்த அனுபவம். தம்பி பைலா அடியை இழுத்துத் தளர்த்தினான். அந்தத் தளர்ந்த இடத்துக்குள் ஒருநாள் சொந்தக்காரர் பாரில் இருந்து மௌத் ஓர்கனோடு வந்து புகுந்தார். சளி பிடித்த மாடு மாதிரி ஒரு சத்தம் முதலில். பிறகு ஐயோ, சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பிடரி மயிர் எழும்பிவிட்டது. பாட்டின் கடைசிப் பகுதியில் நான் ஒரு வரி பாட, அவர் ஒரு வரி ஊத, சனம் “அடுத்தது வரும்” என்று கத்த, எனக்குக் கால் நோவு எங்கே போனது என்றே தெரியாது.

வேறு இடத்தில் நான் யார்? பக்ரறியில் மூன்றாம் லைனில் நிற்கிற ஒருத்தி. வீட்டில் அம்மா, மருமகள், மச்சாளுக்குத் தம்பி பெண்சாதி. அந்த அறையில் மட்டும்தான் நான் வாயைத் திறந்தால் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அது எனக்கு வேண்டும் போல இருந்தது. ஆசை என்றால் அப்படியொரு ஆசை.

இன்னோர் ஆசையும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மனுசனின் அக்கா, என் மச்சாள், அந்தப் பின்கதவாலும் வரவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். மச்சாளின் வாய் ஊர்வாய்க்குத் தாய்வாய்.

“தவறணையில பாடுறவள் எண்டு சனம் கதைக்குது. எங்கட பரம்பரையில இப்பிடியொரு கூத்து நடக்கேல்லை.”

“மச்சாள், ஒருக்கா வந்து கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ.”

“நல்ல இடத்தில பாடு, வாறன். முன்வரிசையில இருந்து கேக்கிறன்.”

அந்தச் சொல் என் மனதில் தைத்துவிட்டது. முன்வரிசையில் மச்சாள் இருக்க, தலை நிமிர்ந்து நின்று பஸ் பாட்டை ஒருமுறை பாட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் தலைவர் வந்தார். அப்போது அவர் தலைவர் இல்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைப் பெரியவர், இங்கே காப்புறுதி விற்பவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். புதிதாக வந்த சனத்தை ஆஸ்பத்திரிக்கும் கோட்டு வழக்குக்கும் தன் காரில் ஏற்றி இறக்கியவர். ஒரு ஞாயிறு வந்து, பஸ் பாட்டைக் கேட்டு, கண் கலங்கினார். பிறகு எழும்பி நின்று தொண்டையைச் செருமினார். தமிழன் தொண்டையைச் செருமினால் ஒரு சங்கம் பிறக்கப் போகிறது என்று அர்த்தம்.

“இப்பிடியான கலையை நாங்கள் தவறணையில வைச்சிருக்கலாமோ? உதை ஒரு முறையாச் செய்ய வேணும். ஒரு மன்றம் அமைப்பம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணையின் முகம் மலர்ந்தது. ஊரில் திரைச்சீலை விலக, மேடையில் விளக்கு எரிய வாசித்த மனிதர். இங்கே வெங்காய மணத்துக்குள் கிடக்கிறார், அவருக்கு ஆசை இராதா? எனக்கும் மச்சாளின் முன்வரிசைதான் கண்ணுக்குள் நின்றது. தம்பி மட்டும் ட்ரம்ஸ் குச்சியால் காதைச் சொறிந்துகொண்டு, “அண்ணை, இஞ்ச என்ன குறை?” என்று கேட்டான். 

மன்றத்தின் முதல் கூட்டம் அதே பின்னறையில்தான் நடந்தது. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போசகர் என்று பதவிகள். பாட வந்தவர்களைவிடப் பதவிக்கு வந்தவர்கள் அதிகம். யாப்பு என்று மன்றத்துக்குச் சட்டதிட்டம் எழுதினார்கள். மது பரிமாறப்படும் இடத்தில் மன்ற நிகழ்ச்சி எதுவும் நடைபெறலாகாது என்பது அதில் ஒரு விதி. அதை ஏகமனதாக நிறைவேற்றியவர்களில் பாதிப் பேரின் கையில் கோப்பி மக் இருந்தது. என் மனுசன் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கையை உயர்த்தியதை நான் கண்ணாலே கண்டேன்.

விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஓர் உயர்நிலைப் பள்ளிக்கூட மண்டபத்தில். சனம் நிறைந்துவிட்டது. பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, வீடியோக்காரர். மச்சாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றி முன்வரிசையில் இருந்தா. அவவுக்குப் பக்கத்தில் என் ஆறு வயது மகள், அவளுக்கு அடுத்ததாக என் மனுசன். இரண்டு கதிரை தள்ளிப் பிரதம விருந்தினராகப் பப் சொந்தக்காரர். பாவம், கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கோட்டுப் பையில் மௌத் ஓர்கன் புடைத்துக்கொண்டு நின்றது. நிகழ்ச்சியின் கடைசியில் பஸ் பாட்டு, அதில் அவரும் ஊத வேண்டும் என்று சொல்லியிருந்தோம். பெரிய விசயத்தைக் கடைசிக்கு வைப்பதுதானே எங்கள் வழக்கம்.

மங்கல விளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை. ஆசியுரை. தலைமையுரை. தலைமையுரையில் தலைவர் இன்னும் நான்கு பேரைச் சில வார்த்தைகள் பேச அழைத்தார். சில வார்த்தைகள் என்று எங்களில் எவன் பேசியிருக்கிறான்? ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. சொந்தக்காரருக்கும் ஒன்று போர்த்தி, அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி நன்றி சொன்னதைத் தமிழில் பத்து வரியாக மொழிபெயர்த்தார்கள். நடுவில் சின்னப் பிள்ளைகளின் நடனம் ஒன்று. பிறகு சிறப்புரை.

சிறப்புரையின் தலைப்பு என்ன தெரியுமா? பஸ் பாட்டு. நாட்டார் மரபு, புலம்பெயர் வாழ்வு, காத்திருப்பின் அவலம் என்று ஒரு பெரியவர் பிளந்து கட்டினார். வராத பஸ் இழந்த தாயகமாம். நனைந்த சொக்ஸ் கண்ணீராம். நான் திரைக்குப் பின்னால் நின்று, என்ர சொக்ஸ் ஐயா அது, சேற்றுத் தண்ணி என்று பல்லைக் கடித்தேன். அந்தப் பேச்சு ஓடிய நேரத்துக்குப் பஸ் பாட்டை முதலில் இருந்து கடைசி வரை எத்தனையோ தரம் பாடியிருக்கலாம். தம்பி குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு ட்ரம்ஸுக்குப் பின்னால் குந்தியிருந்தான். அண்ணை நூறு தரம் சுருதி கூட்டிவிட்டார்.

“அக்கா, நாங்கள் இண்டைக்குப் பாட மாட்டம்” என்றான் தம்பி.

“வாயைக் கழுவடா.”

அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மண்டபத்தைப் பூட்டுகிற மனிதர் வந்து நேரத்தைக் காட்டினார். எழுதிக் கொடுத்த நேரம் முடிகிறது, அவர் வீட்டுக்குப் போக வேண்டும், அவர்மேல் என்ன குற்றம்? தலைவர் அவசர அவசரமாக மைக்கைப் பிடித்தார். என்னை மேடைக்கு அழைத்தார். ஓடினேன். அண்ணை கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கீழே சொந்தக்காரர் மௌத் ஓர்கனைப் பையில் இருந்து எடுத்ததை நான் பார்த்தேன்.

“நேரம் போதாத காரணத்தால்,” என்றார் தலைவர், “எமது பாடகியை இப்போது கௌரவிக்கிறோம்.”

பொன்னாடை என் தோளில் விழுந்தது. கையில் ஒரு கேடயம் வந்தது. கலைச்சேவை என்று அதில் பொன் எழுத்து. மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. பின்னறையில் எனக்கு ஒருநாளும் அப்படிக் கைதட்டு விழுந்ததில்லை. வீடியோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். மைக் என் நெஞ்சுக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் நின்றது. தலைவர் நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அறை என்ன ஆனது என்று கேட்பீர்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். அன்று மண்டப வாசலிலேயே தம்பி தலைவரைக் கேட்கக் கூடாத கேள்வி கேட்டான், தலைவர் சொல்லக் கூடாத பதில் சொன்னார். மன்றம் இரண்டாய்ப் போனது. அண்ணை ஒன்றுக்கு இசைப் பொறுப்பாளர் ஆனார். தம்பியை மற்றது இழுத்துக்கொண்டது. இரண்டும் தனித்தனி விழா வைத்தன, இரண்டிலும் விளக்கு ஏற்றினார்கள். பின்னறைக்குத் திரும்பிப் போகலாம் என்றால் யாப்பில் விதி இருக்கிறது. மன்றம் பிரிந்தபோது இரண்டு பக்கமும் ஓர் எழுத்தும் விடாமல் கொண்டுபோன ஒரே சாமான் அந்த விதி.

நான் ஒருநாள் தனியே போனேன். பழக்கத்தில் குசினிக் கதவால்தான் போனேன். சொந்தக்காரர் கதிரைகளை எங்களுக்குப் போடுகிற மாதிரியே போட்டு வைத்திருந்தார். சில ஞாயிறுகளாக அப்படிப் போட்டுவிட்டுக் காத்திருந்து எடுக்கிறாராம். அண்ணை அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார், மொழிபெயர்க்க ஆள் இல்லை. பியர் விற்கிற இடம் என்றபடியால்தான் வராமல் விட்டீர்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “இல்லை, மரியாதையால்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அதைவிட நல்ல பதில் இன்றுவரை கிடைக்கவில்லை. குளிர் முடிவதற்குள் அந்த அறைக்கு டார்ட்ஸ் குழு வந்துவிட்டது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது விழா முடிந்து வீட்டுக்குப் போன கார்தான். மனுசன் ஓட்டினார். மச்சாள் முன்னுக்கு இருந்தா. நான் பொன்னாடையோடும் கேடயத்தோடும் பின்னுக்கு, பக்கத்தில் மகள். மச்சாள் திரும்பி என் கையைப் பிடித்தா. கலியாணம் முடித்த நாளில் இருந்து அவ என் கையைப் பிடித்ததில்லை.

“இண்டைக்குத்தான் எங்களுக்குப் பெருமையா இருந்தது. எவ்வளவு நல்லா இருந்தது!”

“ஆனா மாமி, அம்மா பாடவே இல்லையே” என்றாள் மகள். “She didn't even sing.”

 மனுசனின் கை ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்தது.  மச்சாளின் கையை விட எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தானே அத்தனையும் என்று எனக்கே என்மேல் இரக்கமாக இருந்தது.

“அம்மா, இப்ப பாடுங்கோ. பஸ் பாட்டு. நான் அடுத்தது வரும் சொல்றன்.”

“சும்மா இரம்மா,” என்றா மச்சாள், “அம்மாவுக்குக் களைப்பு.”

ஓம், களைப்புத்தான் என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்தப் பின்னறைக்கு நான் களைப்பில்லாமல் போன ஞாயிறு ஒன்றுகூட இல்லை.